இருநூறு வேண்டியிருக்க, அறுபத்துநான்கு

என் பட்ட ஆய்வுக்கான பதிவு காலாவதியாகப் பதினாறு நாட்கள் இருந்தன; அதற்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். இரண்டு தடவை நீட்டித்துத் தந்திருந்தார்கள். இனி இல்லை என்று எழுத்திலேயே வந்துவிட்டது. மாவடிப்பள்ளிப் பக்கத்து ஒன்பது வயல்களின் மண்ணில் எடுத்த பக்டீரியாக்களின் மரபணுத் தரவு கையில் இருந்தது. துண்டு துண்டாகக் கிடந்த அதைப் பொருத்திச் சேர்க்கும் கணிப்புத்தான் பாக்கி.

ஒரு வயலின் தரவை மட்டும் ஆய்வுகூடக் கணினியில் ஓட்டினேன். இருபத்திரண்டு ஜிகாபைட் நினைவகம் பிடித்தது. அதற்கே கணினி திணறியது. ஒன்பதையும் சேர்த்து ஓட்ட இருநூறு வேண்டும். இணையத்தில் கணினியை வாடகைக்கு எடுக்கலாம். அதற்கு வெளிநாட்டில் செல்லும் வங்கி அட்டை தேவை. அக்கரைப்பற்றில் வங்கியில் விசாரித்தபோது அனுமதிக்கு மூன்று வாரம் என்றார்கள். மிஞ்சியது, கொழும்பில் ஆய்வாளர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பெரிய கணினித் தொகுதி. படிவம் அனுப்பினால் வரிசைப்படி வேலையை எடுத்துக்கொள்ளும்.

‘தேவையான நினைவகம்’ என்ற கட்டத்தில் இருநூறு என்று எழுதினேன். பிறகு அழித்தேன். எல்லோருக்கும் பொதுவான ஒன்றில் ஒருத்தி இவ்வளவு கேட்பதா என்று கூச்சமாக இருந்தது. அறுபத்துநான்கு என்று எழுதி அனுப்பினேன். போதாது என்று தெரியும். எப்படியாவது சமாளித்துக்கொள்ளும் என்று என்னை நானே நம்பவைத்தேன்.

ஆறு நாட்கள் வரிசையில் கிடந்தேன். ஒவ்வொரு தொழுகையும் முடிந்ததும் திரையைப் பார்ப்பேன்.

“பெட்ரோல் கியூவில நிண்ட காலத்திலயும் நீ இப்பிடி மொகம் வெச்சிருக்கல்ல புள்ள,” என்றார் கணவர்.

ஏழாம் நாள் காலை வேலை ஓடத் தொடங்கி, மத்தியானமே நின்றுபோனது. கேட்ட நினைவகம் போதவில்லை என்று ஒரே ஒரு வரி.

தொகுதியைப் பராமரிப்பவரை அழைத்தேன். மருதமுனைக்காரர், குரல் மட்டுமே பழக்கம்.

“அறுபத்துநாலு கேட்டிரிக்கிறீங்க மிஸ். அதத் தாண்டினா மெஷின் வேலய வெட்டிரும். உண்மையா எவ்வளவு வேணும்?”

“இருநூறு, தம்பி.”

“அது எப்ப தெரியும்?”

“படிவம் நிரப்பக்குள்ளயே.”

சிரித்துவிட்டார். “கலியாண வீட்டுல ஒரே சஹன் தட்டுல ஆறு பேரோட இரிந்து, இறைச்சிய மத்தவங்க பக்கம் தள்ளிவிடுற மாதிரியெல்லோ செஞ்சிரிக்கிறீங்க! பெரிய மெஷின் ஒண்டு ரெண்டு கிழமையாச் சும்மா கிடக்கு. நம்மட ஆக்கள் எல்லாரும் வெக்கப்பட்டுக் கொறயக் கேட்டு, சின்ன மெஷின் கியூவில முட்டிக்கிட்டு நிக்கிறாங்க.”

“அப்ப இருநூறு கேட்டா?”

“இப்பவே ஓடும்.”

அன்று அஸர் தொழுகைக்கு முன்பே ஓடத் தொடங்கியது. முடிய ஏழு நாட்கள் பிடித்தன. மிஞ்சிய இரண்டு நாட்களில் அட்டவணைகளையும் கடைசி அத்தியாயத்தையும் எழுதினேன். சரிபார்ப்புக்கென்று ஒதுக்கிய வாரம் தேவையில்லாத வரிசையில் போய்விட்டிருந்தது. எந்த எண்ணையும் மூன்று முறை பார்ப்பவள், எல்லாவற்றையும் ஒரே தடவை பார்த்தேன். ஐந்தாம் வயலின் ஓர் எண் மற்றவற்றைவிட உயர்ந்து நின்றது. சரியாகவும் இருக்கலாம். அப்படியே அச்சிட்டு ஒப்படைத்தேன். பதிவு ரத்தாகாமல் தப்பியது.

அலுவலகத்தில் ரசீதை வாங்கும்போது, “முடிஞ்சிதானே மிஸ், இனி நிம்மதியா நித்திர கொள்ளுங்க,” என்றார் எழுதுவினைஞர்.

“ஓம்,” என்றேன்.