பின்னணிச் சத்தம்

பிளஸ்ஸனின் மார்பு எழும்பும்போதே ஜெமிமாவின் விரல் மியூட் பொத்தானுக்குப் போய்விடும். சத்தம் வருவதற்கு முன்னால் மூச்சு வர வேண்டும். அந்த மூச்சை அவள் பார்த்துவிடுவாள். "மாடல் நம்பர் ஃபிரிட்ஜுக்கு உள்பக்கம் ஸ்டிக்கர்ல இருக்கும் சார், கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு விரலை அழுத்துவாள். கட்டிலிலிருந்து "நக்கோ" என்று வரும். அழுத்தியதை விடுவிப்பாள். "சொல்லுங்க சார்." சேலத்திலோ தென்காசியிலோ இருக்கும் அந்த சாருக்கு, தன்னோடு பேசும் பெண் ஏதோ ஏசி ஆபீசில் உட்கார்ந்திருப்பதாகத்தான் எண்ணம்.

அவள் உட்கார்ந்திருந்தது சிகந்திராபாத் மெட்டுகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓடும் சந்தில், ஓர் அறையும் சமையலறையுமான வாடகை வீட்டில். வீட்டுச் சாமான் பழுதானால் கூப்பிடும் உதவி எண்ணில் தமிழுக்கான எண்ணை அழுத்தினால் அந்த அழைப்பு இந்த அறைக்கு வந்து சேர வாய்ப்பு உண்டு. கம்பெனிக்குத் தமிழ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. ஜெமிமாவுக்கு வீட்டை விட்டு நகராத வேலை தேவைப்பட்டது. வீட்டில் பேசும் திருநெல்வேலித் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழை மாட்டிக்கொண்டு பேசுவாள்.

அவள் கணவர் பிளஸ்ஸன் நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் அவருடையது; அவர் வராத ஞாயிற்றுக்கிழமையைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பக்கவாதம் வந்து வலப் பக்கம் விழுந்தது. பேச்சும் விழுந்தது. மாதக்கணக்கில் ஊமையாகக் கிடந்தவருக்கு ஒருநாள் வாய் திறந்தது. வந்த சொல் 'நக்கோ'. வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்வது. ஃபேக்டரியில் டீக்காரனிடமும் லாரிக்காரனிடமும் சொல்லிச் சொல்லி எந்த மூலையில் படிந்து கிடந்ததோ, எல்லாம் அடித்துக்கொண்டு போன வெள்ளத்தில் அது ஒன்று மட்டும் தங்கிவிட்டது. நாம் பேசுவது அவருக்குப் புரியும் என்றார் டாக்டர். திருப்பிச் சொல்லத்தான் வேறு சொல் கிடையாது.

"எம்பேரு மிஞ்சியிருக்கலாம். ஏசப்பான்னு ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கலாம். இதுவா மிஞ்சணும்?" என்று ஆரம்பத்தில் ஜெமிமா அழுதிருக்கிறாள். பிறகு அந்தச் சொல்லுக்குள் புகுந்து வாழக் கற்றுக்கொண்டாள். "தண்ணிக்கு ஒரு நக்கோ இருக்கு. திரும்பிப் படுக்க ஒரு நக்கோ இருக்கு. சும்மா என்னியக் கூப்பிடுததுக்கும் ஒண்ணு இருக்கு, அது மட்டும் கடேசில லேசா ஏறும்" என்பாள். பசித்தால் நக்கோ. நல்ல பாட்டு ரேடியோவில் வந்தால் நக்கோ. பகல் முழுக்க, பெரிய குரலில்.

ஒருநாள் டீம் லீடர் ஷோபா கூப்பிட்டாள். தார்நாக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், நல்லவள்தான்.

"அக்கா, ஆடிட்ல மறுபடி உங்க கால் வந்திருக்கு. பேக்ரவுண்ட் நாய்ஸ்னு போட்டிருக்காங்க. கஸ்டமர் கேக்கறாங்க, அங்க என்ன சண்டையான்னு."

"நான் மியூட் போடுதேனே ஷோபா."

"எல்லா தடவையும் விழலயேக்கா. நல்லதா ஒரு நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் வாங்கிக்கோங்க. இல்லன்னா ஆபீஸ் வந்துதான் வேலை செய்யணும்னு மேனேஜர் சொல்றாரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

ஆபீஸ் நகரத்தின் அந்தக் கோடியில். அவள் போய் வரும் வரை பிளஸ்ஸனுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். ஆளுக்குக் கொடுத்த பிறகு அவள் சம்பளத்தில் மருந்துக்கு மிஞ்சாது. கம்பெனி கொடுத்திருந்த ஒயர் ஹெட்செட்டோ, ஒருமுறை அவர் வாயைத் துடைக்க எழுந்தபோது கட்டில் கம்பியில் மாட்டி லேப்டாப்பையே கீழே இழுத்துவிட்டது. ஆகவே ஒயர் இல்லாதது வேண்டும், சத்தத்தை வெட்டுவது வேண்டும், விலையும் அவளுக்கு எட்ட வேண்டும்.

ஜெமிமா தேடத் தொடங்கினாள். பிளஸ்ஸனுக்குக் கஞ்சி ஊட்டும்போதும் இடக்கையில் போன். வீடியோக்களில் இளைஞர்கள் மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக் காட்டினார்கள், மிக்ஸியை ஓடவிட்டுக் காட்டினார்கள், பைக்கில் போய்க்கொண்டே பேசிக் காட்டினார்கள். தெலுங்கு, இந்தி, தமிழ், இங்கிலீஷ் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒருவர் தங்கம் என்றதை அடுத்தவர் குப்பை என்றார். ஒரு தமிழ் வீடியோவின் கீழே அவள் தயங்கித் தயங்கி எழுதினாள்: "அறைக்குள் இருக்கும் ஒரு ஆளின் குரலை இது கட் பண்ணுமா?" மாலைக்குள் பதில் வந்தது. "ஆன்ட்டி வீட்ல அங்கிள் தொல்லை தாங்கல போல!" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். ஜெமிமாவும் ஒருகணம் சிரித்துவிட்டாள். பிறகு எழுதியதை அழித்தாள்.

பிளஸ்ஸனின் அக்கா ஜூடித் அடுத்த தெருவில் இருக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தம்பியைப் பார்க்க வருவாள். அப்படி வந்த ஒரு நாள், கடைக்குப் போய்வர ஒருமணி நேரம் துணைக்கு இருக்கச் சொன்னபோது விஷயம் தெரிந்துவிட்டது.

"மனுசன் உசுரோட கெடந்து கூப்பிடுதான். அந்தச் சத்தம் காதுல விழக்கூடாதுன்னு மிசின் வாங்கப் போறியா ஜெமி?"

"எனக்கு விழக்கூடாதுன்னு இல்ல மைனி. போன்ல பேசுதவங்களுக்கு விழக்கூடாது."

"ரெண்டும் ஒண்ணுதான்."

இல்லை, இரண்டும் வேறு என்று ஹப்சிகுடாவில் போன் கடை வைத்திருக்கும் முரளி சொன்னார். "அக்கா, நல்லா கேட்டுக்குங்க. ஒரு டெக்னிக் உங்க காதுக்கு. இன்னொண்ணு மைக்குக்கு, அதாவது எதிர்ல பேசறவங்க காதுக்கு. டப்பாமேல ரெண்டையும் ஒரே மாதிரி எழுதிடுவான். விலை கம்மியில ரெண்டும் நல்லா இருக்கறது கஷ்டம்." அவர் ஒரு ஜோடியைத் துடைத்துக் கொடுத்தார். ஜெமிமா காதில் வைத்து, அவர் காட்டியபடி தட்டினாள்.

தலைக்கு மேல் மெட்ரோ போய்க்கொண்டிருந்தது. தெருவில் பஸ்களும் ஆட்டோக்களும் முட்டிக்கொண்டு நின்றன. எல்லாம் ஒரேயடியாக அமுங்கிப் போயின. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவள் தலைக்குள் ஒரு காது எப்போதும் கட்டில் பக்கம் திரும்பியே இருந்தது. தூக்கத்திலும் அது மூடியதில்லை. இப்போது மூடியது. கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். செட் பழுதோ என்று முரளி கவலைப்பட்டுத் தோளைத் தொடாமல் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார்.

"இதே போதும் முரளி" என்றாள்.

வீட்டுக்கு வந்து மாட்டினாள். மின்விசிறி போனது. பக்கத்து வீட்டு மோட்டார் போனது. குவார்ட்டர்ஸுக்கு அப்பால் ஷன்டிங் அடிக்கும் எஞ்சின் போனது. இவ்வளவும் போன இடத்தில், எந்த மறைப்பும் இல்லாமல், பாத்திரத்தில் விழுந்த கல்லைப் போல "நக்கோ" என்று கேட்டது. முன்பைவிடத் தெளிவாக. உலகத்தை எல்லாம் துடைத்து எடுத்துவிட்டு அந்த மனிதரை மட்டும் அவள் காதில் வைத்துவிட்டது அந்தக் கருவி.

மறுமுனையிலும் அதே கதை. கும்பகோணத்து ஜம்புநாதன் என்பவர் வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்று கூப்பிட்டவர், கொஞ்ச நேரத்தில் சொன்னார்: "அம்மா, உங்க குரல் விட்டுவிட்டு வர்றது. பின்னாடி ஒருத்தர் பேசறாரே, அவர் குரல்தான் நன்னாக் கேக்கறது. அவர்ட்டயே குடுங்களேன்." ஜெமிமா மியூட்டைப் போட்டாள். போட்டுவிட்டு எதற்காகப் போட்டோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

முரளி முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். "ஒரே மாதிரி ஓடற சத்தத்தைத்தான் இது பிடிச்சு அமுக்கும் அக்கா. ஃபேன், எஞ்சின், ஏசி. மனுஷன் குரலு ஏறும் எறங்கும் இல்ல, அத இதால பிடிக்க முடியாது. யார் கத்தறாங்க வீட்டுல? குழந்தையா?"

"ஆமா" என்றாள் ஜெமிமா.

இரண்டாவது ஜோடி காதில் நிற்கவில்லை. அவரைத் திருப்பிப் படுக்கவைக்கக் குனியும்போதெல்லாம் மெத்தையில் விழுந்தது. மூன்றாவதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை. கையில் இருந்ததோடு, அந்த மாதம் பிசியோதெரபி செய்ய வருபவரை வர வேண்டாம் என்று சொல்லி மிச்சமான பணத்தையும் சேர்த்து வாங்கினாள். அதன் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் குரலை எடுத்துக்கொண்டு தள்ளி வரும் குரலைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. காதுக்காக, ரப்பர் முனையைக் கழற்றிவிட்டு, அமுக்கிச் செருகினால் உப்பி அடைத்துக்கொள்ளும் பஞ்சு முனையை முரளி மாட்டித் தந்தார். "இது வெறும் அடைப்புதான் அக்கா. ஆனா டெக்னிக்கைவிட அடைப்புதான் வேலை செய்யும்."

வேலை செய்தது. வாடிக்கையாளர் குரலைச் சற்று ஏற்றி வைத்தால் வேறெதுவும் கேட்கவில்லை.

இனி அவர் மார்பைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. திறந்து மூடும் வாயை எதிரே பார்த்தால் பேச்சு தடுமாறுகிறது என்று மேசையைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டாள். ஓர் அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள், துணி மாற்றினாள், "என்ன வேணும்? இந்தா வாரேன்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். பஞ்சைக் கழற்றி மாட்ட நேரம் பிடிப்பதால் பெரும்பாலும் கழற்றுவதில்லை. வேலை முடிந்து கழற்றும்போது அவர் தூங்கியிருப்பார். அவர் முகத்தைப் பார்த்து எந்த நக்கோ என்று ஊகித்துக்கொண்டாள். ஆடிட்டில் அவள் பெயருக்கு நேராகக் குறை எதுவும் வரவில்லை. "சூப்பர் அக்கா, மேனேஜரே சொன்னாரு, தமிழ் லைன்ல உங்க கால்தான் க்ளீன்னு" என்றாள் ஷோபா. இரண்டொரு தடவை கட்டில் விரிப்பு நனைந்திருந்தது. தனக்குத்தான் கேட்கவில்லை என்று ஜெமிமா நினைத்துக்கொண்டாள்.

மழை பிடித்த ஒரு வார நாளில் ஜூடித் வந்தாள். சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தம்பி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த ஜெமிமாவுக்கு அவள் வந்ததே தெரியாது. ஓர் அழைப்பு முடிந்து திரும்பியபோதுதான் மைனி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவள் வாய் அசைந்தது. ஜெமிமா ஒரு காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினாள்.

"என்ன மைனி?"

"இவன் ஏன் சத்தமே போடல? நான் வந்து எம்புட்டு நேரமாவுது. பேருசொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். என்னியப் பார்த்தா ஒண்ணு போடுவானே?"

ஜெமிமா மற்றதையும் கழற்றினாள். மின்விசிறி கேட்டது. ஓட்டில் மழை கேட்டது. தூரத்தில் எஞ்சின் கேட்டது. கட்டிலில் பிளஸ்ஸன் விழித்துக்கொண்டுதான் இருந்தார். வாய் மூடியிருந்தது.

"காலைல போட்டாவ" என்றாள் ஜெமிமா. சொன்ன பிறகுதான், காலையில் அவள் கேட்டது எதுவுமில்லை என்று உறைத்தது. நேற்றும் கேட்கவில்லை. நேற்று முன்தினமும். அவர் எந்த நாளில் நிறுத்தினார் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஜூடித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பியின் தலைமுடியை விரலால் கோதிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொரு பக்கவாதமோ என்று பயந்து ஜெமிமா டாக்டரிடம் ஓடினாள். எல்லாம் பழையபடிதான் இருக்கிறது, குரலுக்கு ஒன்றுமில்லை என்றார் அவர். "பேச முடியாமல் இல்லை, பேசவில்லை. பதில் வராத இடத்தில் எத்தனை நாள்தான் பேசுவார்கள்?" சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

மேசையைத் திரும்பக் கட்டில் பக்கம் போட்டாள். பஞ்சு முனையைக் குப்பையில் எறிந்துவிட்டுப் பழைய ரப்பர் முனையைச் செருகினாள். அழைப்புகளுக்கு நடுவே அவரிடம் போய் உட்கார்ந்து பேசினாள். "நாந்தான் தப்பு பண்ணிட்டேன். சத்தம் போடுங்க. வேலை போனா போவட்டும், போடுங்க." அவர் அவளைப் பார்த்தார். கோபம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருப்பாள். கோபம் இல்லை. டாக்டர் பார்க்கும்போது கையை நீட்டிக்கொண்டு கிடப்பாரே, அப்படி அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். ஆடிட்டில் குறை வரவில்லை. கூப்பிடுபவர்கள் யாரும் அங்கே யார் என்று கேட்பதில்லை.

போன சனிக்கிழமை அவள் விடுப்புப் போட்டாள். மெட்டுகுடா மார்க்கெட்டுக்குப் போய்ப் பாகற்காய் வாங்கிவந்தாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை அதைச் சமைத்து வைத்தபோது பிளஸ்ஸன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர்; அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாகற்காய் வாங்கியதில்லை. வெல்லம் போடவில்லை, புளி போடவில்லை, உப்புத் தண்ணீரில் பிழிந்துகூட எடுக்கவில்லை. வெறுமனே வேகவைத்து, சோற்றோடு மசித்து, கசப்பு வாடை அடிக்க அடிக்கக் கிண்ணத்தில் எடுத்துவந்தாள். தலையணையை ஏற்றி அவரைச் சாய்த்து உட்காரவைத்தாள். ஒரு கரண்டி எடுத்து உதட்டருகே கொண்டுபோய், அந்த ஒரு சொல்லுக்காக நிறுத்தினாள்.

"பாவக்கா" என்றாள். "பாவக்காதான். வேணுமா?"

பிளஸ்ஸன் கரண்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். இடக் கடைவாயில் ஒதுக்கி மெதுவாக மென்றார், விழுங்கினார். பிறகு, அடுத்த கரண்டிக்காக, மறுபடியும் வாயைத் திறந்தார்.