வெள்ளை அந்திமந்தாரையில் சிவப்பு நூல்

கல்லூரியில் தாவரவியல் எடுப்பவள் நான். சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளையையும் கலந்தால் பிறக்கும் செடிகள் இளஞ்சிவப்பாகப் பூக்கும் என்று வருடந்தோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேனா என்று ஒரு மாணவி கேட்டாள். பார்த்ததில்லை. கொட்டாரத்தில் உள்ள என் வீட்டிலேயே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

சிவப்புச் செடி முன்வாசலில், வெள்ளை பின்பக்க மதிலோரத்தில். இந்தப் பூ சாயங்காலம்தான் விரியும். விடுமுறை நாளில் மதியமே வெள்ளை மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிடுவேன். மாலையில் சிவப்புப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, துணியால் மூடுவேன். மறுநாள் துணியை எடுத்துவிட்டு, அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல் கட்டுவேன். ஒரு பூவுக்கு ஒரே விதை, மிளகு மாதிரி.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, எதற்கு நூல் என்று கேட்டார். ஒரு காரியம் நினைத்திருக்கிறேன், நடக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுவரை யாரும் அவிழ்க்கக் கூடாது என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அடுத்த வாரம் செடியில் நான் கட்டாத நூல்களும் இருந்தன. அதே சிவப்பு, அதே கடை.

"மவனுக்க விசா இழுத்துக்கிட்டே கெடக்கு டீச்சர்" என்றார் அக்கா. "மண்டைக்காட்டு அம்மனுக்கும் நேந்தாச்சு. நீங்க படிச்சவிய, சும்மாவா கெட்டுவிய?"

அவர் கட்டியவை எவை என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டியதால் தெரியாது என்றார். மரபியலை விளக்கினேன். எல்லாம் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். நூலை அறுக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

"விசா வரட்டு. பொறவு நானே அவுக்கேன்."

நூலோடு காம்பை வெட்டி, ஒவ்வொரு விதையையும் தனித்தனி உறையில் போடுவதாக இருந்தேன். இப்போது நூலைச் செடியிலேயே விட்டுவிட்டு விதைகளை மட்டும் பறித்தேன். எல்லாம் ஒரே உறைக்குள் போயின. என் விதை எது, அக்காவின் விதை எது என்று சொல்ல வழியில்லை.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது யோசித்தேன். என் விதைகளுக்கு அப்பன் சிவப்பு. அக்காவின் விதைகளுக்கு அப்பனும் அம்மையும் வெள்ளையே. விதைத்தால் பூவே சொல்லிவிடும். எல்லாமே வெள்ளையாகப் பூத்தால் மட்டும் சிக்கல். தவறு என் கையிலா, இத்தனை வருடம் நடத்திய பாடத்திலா என்று தெரியாது. செடிகள் மொட்டு விடும்வரை வகுப்பில் அந்தப் பகுதியைத் தொடாமல் தள்ளிவைத்தேன்.

முதல் பூ வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவது இளஞ்சிவப்பு. நான் கலந்தவை பதினொன்று, இளஞ்சிவப்பாக வந்தவை ஒன்பது. மீதி இரண்டும் என் கைப்பிழையாக இருக்கும். பாடம் சரிதான்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"இதுல நான் கெட்டுனது எது?"

"வெள்ளை."

"அப்ப எனக்க பூவு ஒண்ணும் மாறல்ல."

மாறவில்லை என்றேன். என்னுடையது மட்டும் எப்படி மாறியது என்று கேட்டார். மகரந்தம் ஒட்டிய தூரிகையைக் காட்டினேன்.

"அப்ப அந்தப் பொடிய எனக்க பூவுலயும் கொஞ்சம் தேச்சு விடுங்க டீச்சர்."

மகரந்தத்துக்கும் விசாவுக்கும் தொடர்பில்லை என்று சொல்லத் தொடங்கினேன். பாதிவரை கேட்டுவிட்டு, நூல் எடுக்க உள்ளே போனார். மஞ்சள் நூலாக இருக்கட்டும் என்று பின்னாலேயே சொன்னேன். அதற்குச் சம்மதித்தார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவருக்கென்று ஒரு மொட்டைப் பிரித்தேன். மாலையில் தடவினேன், மறுநாள் அவர் கட்டினார், கண்ணைத் திறந்துகொண்டு. விதை கறுத்து, விதைத்தும் ஆயிற்று. என்ன நிறம் வரும் என்று தினமும் மதிலுக்கு மேல் கேட்கிறார். பூக்கும்வரை பொறுக்க வேண்டும் என்கிறேன். விசா ஏஜெண்டும் அதைத்தான் சொல்கிறானாம்.