நோயாளி உட்காரும் ஸ்டூல்

அது இரும்பு ஸ்டூல். வட்டத் தட்டு, நடுவில் திருகு. சுற்றினால் ஏறும், இறங்கும். பச்சை ரெக்சின் ஒரு பக்கம் கிழிந்து மஞ்சள் பஞ்சு தெரியும். டாக்டர் மேசைக்கு வலப்பக்கம், பிரஷர் பார்க்கக் கை நீட்ட வாகாகப் போட்டிருந்தார்கள். நோயாளி உட்கார வேண்டிய இடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை அதில் போய் நான் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு நோயும் இல்லை.

நோயாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அக்காவை ராத்தா என்போம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், மேலப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மச்சான் சவூதியில் இருந்ததால் அவளும் மகளும் எங்களோடுதான் இருந்தார்கள். எடை நூற்று இருபத்தெட்டு கிலோ. கொள்ளுக்கஞ்சி குடித்து, பட்டினி கிடந்து, கால் வீங்க நடந்து, குறைத்ததெல்லாம் வட்டியோடு திரும்பி ஏறிய பிறகு, இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைதான் வழி என்று அவளே முடிவெடுத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக் காப்பீடு செலவை ஏற்கும். ஆனால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும். வழக்கமாகப் பார்த்த பெரிய டாக்டரோ மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்டார். அதே அறை, அதே மேசை, அதே ஸ்டூல். ஆள் மட்டும் புதுசு, வெளியூர்க்காரர்.

அந்த ஒரு கடிதத்துக்காக நான் சண்டைக்குக் கிளம்புகிறவன் மாதிரி தயாரானேன். நான்கு நாள் உட்கார்ந்து அந்தச் சிகிச்சை பற்றிய கட்டுரைகளைப் படித்தேன். பன்னிரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் மை தீட்டி, ஃபைல் போட்டேன். ஆட்டோவில் போகும்போதே ராத்தா சொன்னாள், “ஏலே, நீ கூட வந்தா போதும். நான் பேசிக்கிடுதேன்.”

“நீ சும்மா இரு ராத்தா. ஒனக்கு டாக்டர்ட்ட பேசத் தெரியாது.”

நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்குகிறவளிடம் இதைச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் டாக்டர் அறைக்குள் நோயாளி பேசுவது குறைவு. கூட வந்தவர்தான் பேசுவார். வயிற்றுவலிக்காரி முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வலி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை மாமியார் சொல்வாள். நானும் அந்த வழக்கத்தில்தான் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். புது டாக்டர் நிமிராமலே என் கையைப் பிடித்து பிரஷர் பட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்.

“எனக்கில்ல சார், அவங்களுக்கு.”

ஒரே ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். “அதான் பார்த்தாலே தெரியுதே” என்றார்.

அந்தக் குரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கடிதம் என்றதும் அவர் சிரித்தார். “வயித்தை வெட்டுறதுக்கு முன்னாடி வாயைக் கட்டச் சொல்லுங்க தம்பி. ஆத்தங்கரையில தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லுங்க. முப்பது நாள் நோன்பு வைக்கிறாங்கல்ல, அப்பக்கூடவா குறையல?”

“அவங்க எல்லாம் செஞ்சு பாத்துட்டாங்க சார். நீங்க இந்த ஆறாம் பக்கத்தப் படிச்சிட்டுப் பேசுங்க.”

‘சொல்லுங்க’ என்று அவர் என்னிடம் சொல்ல, ‘அவங்க’ என்று நான் அவரிடம் சொல்ல, இரண்டு ஒல்லி ஆம்பிளைகள் ரிப்பேருக்கு வந்த மிக்ஸியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தோம். மிக்ஸி பின்னால் நின்றது. டாக்டர் என் ஃபைலை ஒற்றை விரலால் தள்ளினார். அது கீழே விழுந்தது. “எல்லாம் தெரிஞ்சிருக்கு. கடிதத்தையும் நீயே எழுதிக்கோ.”

“பெரிய டாக்டர் இருந்த எடத்துல இப்படி ஒரு ஆளா!” என்று கத்திவிட்டு எழுந்தேன். “வா ராத்தா. ஊர்ல வேற டாக்டரா இல்ல?” வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். காத்திருந்த ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. ராத்தா வரவில்லை.

கதவு முழுக்க மூடவில்லை. அவள் குரல் கேட்டது, வகுப்பில் கேட்கிற குரல்.

“சார், இப்ப நான் பேசலாமா?”

டாக்டரின் நாற்காலி கிரீச்சிட்டது.

“படுத்தா மூச்சு முட்டுது. மூணு வருஷமா செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் ஒறங்குதேன். அதுலயும் மூச்சு நின்னு நின்னு போவுது. எம் மவளுக்கு எட்டு வயசு. என் கையப் பிடிச்சிக்கிட்டேதான் படுக்கா. என் கொறட்ட நின்னா அவ முழிச்சிக்கிடுதா. உலுக்கி எழுப்புதா. பிள்ள ஒறங்கி வருஷமாச்சு சார். கடுதாசி தாங்க. இல்ல, தரமாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க.”

“இதை ஏன் முதல்லயே சொல்லல?”

“நீங்க என்னைய கேக்கலியே. அவனும் கேக்கல.”

என் பன்னிரண்டு பக்கத்தில் இது இல்லை. ஒரே வீடு, அடுத்த அறை. அந்தக் குறட்டையை எனக்கு நன்றாகத் தெரியும். “ராத்தா லாரி எடுத்துட்டா” என்று உம்மாவிடம் கேலி பேசிவிட்டு இயர்போனைக் காதில் செருகிக்கொள்வேன். லாரி நடுநடுவே நின்றதையும், அப்போதெல்லாம் எட்டு வயதுப் பிள்ளை எழுந்து உட்கார்ந்ததையும் நான் படித்த எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை.

டாக்டர் எழுதினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தூக்கத்துக்கும் ஒரு சோதனை எழுதுகிறேன் என்று மட்டும் முணுமுணுத்தது கேட்டது. ராத்தா கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தரையில் கிடந்த என் ஃபைலையும் எடுத்துவந்து என் மடியில் போட்டாள்.

ஆட்டோவில் நான்தான் ஆரம்பித்தேன். “திமிர் பிடிச்ச ஆளு ராத்தா.”

“ஆமா, திமிர்தான். அவன் யாரோ. நீ யாருலே? எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு என் ஒடம்பப் பத்திப் பேசுதே.”

வீடு வந்ததும் அவளே ஆட்டோவுக்குக் காசைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

சிகிச்சை மதுரையில் நடந்தது. இப்போது நாற்பது கிலோவுக்குப் பக்கத்தில் குறைந்திருக்கிறாள். படுத்து உறங்குகிறாள். மகள் தனிக் கட்டிலில், கையைக் காலைப் பரப்பிக்கொண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே டாக்டரிடம் போகிறோம். அவரைக் கண்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. வேறு ஆளைப் பார்ப்போம் என்றால், “எனக்கு அவரு புடிக்கவேண்டாம்லே, ஒழுங்கா எழுதுனா போதும்” என்கிறாள்.

போன வாரமும் போயிருந்தோம். பெயரைக் கூப்பிட்டதும், பழக்க தோஷம், ஃபைலோடு நானும் எழுந்துவிட்டேன். ராத்தா அதை என் கையிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனாள். ஸ்டூலை இரண்டு சுற்றுச் சுற்றித் தன் உயரத்துக்கு இறக்கி உட்கார்ந்தாள். கிழிசல் பெரிதாகியிருந்தது. நான் வாசலில் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றேன்.

“அங்கனயே இரு” என்று திரும்பாமலே சொன்னாள். நான் பின்வாங்கியதும், அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே காலை நீட்டிக் கதவைத் தள்ளினாள். இந்தத் தடவை அது முழுக்க மூடியது.