பாதம் பார்த்தவர்

எங்கள் செருப்புக்கடையில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர். வாசலில் நுழைகிறவரின் காலைப் பார்த்தே நம்பர் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷம் ஊரார் பாதத்தைக் கையில் பிடித்தவர், தன் பாதத்தை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இடது சுண்டுவிரலுக்குக் கீழே கறுப்பாக ஒன்று தெரிந்தபோது ஆணி என்றார். கல்லாவில் உட்காருகிற நானும் ஆணி என்றுதான் சொன்னேன். எங்கள் கடையில் விற்கிற ஆணி பிளாஸ்திரியையே பதினான்கு மாதம் ஒட்டினார். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிளேடால் சுரண்டிவிட்டார்.

அது தோல் புற்றுநோய். இரண்டு விரலும் அடிப்பாதத்தில் ஒரு துண்டும் போயின. "அது வெயில்ல நிக்கறவங்களுக்குத்தானே வரும்?" என்று பார்க்க வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள், என்னவோ இவர் பொய் சொல்லி வாங்கிவந்த மாதிரி.

நான்கு வருஷம் ஆகிவிட்டது. ஷூவின் முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்புகிறார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரிந்துகொண்டவர் சும்மா இருக்க முடியாது என்பதை யாரும் சொல்வதில்லை. கைக்கு வந்த பாதத்தையெல்லாம் திருப்பிப் பார்த்தார். மூன்று பேரிடம் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். ஒருவருக்கு வெறும் மச்சம். ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். மூன்றாவது ஆள் கடையே அதிரக் கத்தினார்.

"ஷூ வாங்க வந்தா புற்றுநோய்ங்கறான்! இவன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

முதலாளி அவரை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்டார். "இது கடையா, ஆஸ்பத்திரியா? இன்னொரு தடவை வாயத் தொறந்தே, வீட்லயே இருந்துக்க. இந்தக் காலோட உன்ன வேற எவன் வேலைக்கு வச்சுக்குவான்னு பாக்கறேன்."

ஒருவனும் வைத்துக்கொள்ள மாட்டான். ஐம்பத்தொரு வயது, மூன்று விரல் கால். அது அவருக்கும் முதலாளிக்கும் எனக்கும் தெரியும்.

அந்த மாதமே வருஷாவருஷம் வருகிற டீச்சரம்மா வந்தார். நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறவர். அளவுக்காரர் அவருடைய வலது குதிகாலைப் பிடித்தவர் பிடித்தபடியே இருந்தார்.

"என்னங்க, அளவு மாறிடுச்சா?"

முதலாளி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"இல்லம்மா. அதே ஆறுதான்."

கடை சாத்தும்போதுதான் விஷயத்தை என்னிடம் சொன்னார். மிளகளவு கறுப்பு, ஓரமெல்லாம் கலைந்திருக்கிறதாம்.

"அண்ணே, பில்லுல அவங்க நம்பர் இருக்கு. கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

"நீ கூப்பிடேன்மா."

நான் கூப்பிடவில்லை. எனக்கும் வேலை வேண்டும். அவரும் கூப்பிடவில்லை. மறுநாள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் சாமர்த்தியமாக இருந்துகொண்டோம்.

பதினோரு மாதம் கழித்து டீச்சரம்மா கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"குதிகாலை வெட்டி, தொடைத் தோலை எடுத்து வச்சிருக்காங்க. தொடை இடுக்குல நெறி கட்டியிருந்துச்சு, அங்கயும் பரவிடுச்சாம். மெத்துனு ஏதாவது காட்டுங்க."

அளவுக்காரர் மண்டியிட்டார். அந்தம்மா குனிந்து கேட்டார்.

"போன வருஷம் நீங்கதானே அளவெடுத்தீங்க? அப்ப இது இருந்துச்சா? ரொம்ப நாளா இருந்திருக்கும்கறார் டாக்டர். நாந்தான் கவனிக்காம விட்டுட்டேனோன்னு தூக்கமே வரல."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். நான் அளவுக்காரரைப் பார்த்தேன். சொல்லிவிடுங்கள் என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் சொல்லிவிடுவாரோ என்றும் பயமாக இருந்தது. அந்த நிமிஷத்தில் என்னைப் போல அற்பம் யாரும் இல்லை.

"இல்லம்மா," என்றார். "சுத்தமா இருந்துச்சு."

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் திரும்பினார். "பாத்தீங்களா? நான் கவனிக்காம விடல!" பிறகு அளவுக்காரரின் கையைப் பிடித்தார். "உங்க வாயால கேட்டதும்தான் மனசு ஆறுது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் ஷூவை மாட்டிவிட்டார். முதலாளி என் பக்கம் திரும்பி, பில்லில் பத்து சதவீதம் கழிக்கச் சொன்னார். கழித்தேன்.