எந்தப் பாத்திரம் என்று கேட்ட துரை

ஆம்பூரில் நான் குமாஸ்தாவாக இருந்த, தோல் பதனிடும் ஷாப்புக்கு லண்டனிலிருந்து ஒரு துரை சரக்குப் பார்க்க வந்தார். யூதர். யூதரை நாங்கள் வேதப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம். அவர் பன்றி தின்னமாட்டார் என்று கேள்விப்பட்டதும் முதலாளி சாயபுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நம்ம ஆள்தான் என்று முடிவுகட்டி, ஆட்டை அறுத்து, பிரியாணிக்குச் சொல்லிவிட்டார். முறைப்படி அறுத்த கறி என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சீட்டும் வாங்கிவைத்தார். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்த பாவத்துக்கு விருந்தை என் தலையில் கட்டினார்.

"தொர பசியோட மெட்ராஸ் போனாருன்னா, அதே ரயில்ல நீயும் போய்டு," என்றார். அவர் விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லை.

துரை சீட்டைப் பணிவாக வாங்கிப் பார்த்தார். ஆனால் அறுத்தவர் தங்கள் ஆளாக இருக்கவேண்டும், தங்கள் குருவின் முத்திரை வேண்டும் என்றார். கறியை எதில் ஊறவைத்தீர்கள் என்றும் கேட்டார். தயிரில் என்றேன். தொலைந்தது. கறியும் பாலும் சேரவே கூடாதாம். தயிர் போடாமல் எந்த ஊரில் பிரியாணி செய்கிறார்கள் என்று முதலாளி இழவு வீட்டுக் குரலில் என்னைக் கேட்டார்.

அப்போதுதான் ஹெட் குமாஸ்தா ஐயர் எழுந்தார். பகலெல்லாம் தோல் நாற்றத்தில் உட்கார்ந்து கணக்கெழுதிவிட்டு, தலைமுழுகிய பிறகே வீட்டுக்குள் போகிறவர். கறியே நுழையாத தன் வீட்டுச் சமையலை எந்த மதத்தான் குறை சொல்வான் என்று துரையை அழைத்துப்போய், வாசல் பந்தலில் நாற்காலி போட்டார். நான் தெருவில் நின்று மொழிபெயர்த்தேன்.

எந்தப் பாத்திரத்தில் சமைத்தது, யார் அடுப்பு மூட்டியது என்று துரை விசாரித்தார். புதுப் பானையில், தானே நெருப்பு மூட்டி ஆக்கினால் சாப்பிடலாம், அடுக்களைக்குள் வரட்டுமா என்றார். ஐயர் முகம் வெளுத்துவிட்டது. துரை நுழைந்தால் அடுக்களைக்குத் தீட்டு, நுழையாவிட்டால் சோறு துரைக்கு ஆகாது. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. என் வேலை போய்க்கொண்டிருந்தது.

குயவரிடம் ஓடிப் புதுப் பானை வாங்கிவந்தேன். ஷாப்புக்குப் பின்னால், ஆவாரம்பட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டினேன். லண்டன் துரை கோட்டைக் கழற்றிப் போட்டு, குனிந்து ஊதி, கண் சிவக்க அடுப்பு மூட்டினார். வாழையிலையில் சோறும் அவித்த முட்டையும் வயிறாரச் சாப்பிட்டார். சரக்கைப் பேசி முடித்து ரயிலேறினார். நான் ஏறவில்லை. போன உயிர் திரும்பியது.

மறுநாள் முதலாளி சொல்லியனுப்பிய சேதியோடு ஐயர் வீட்டுக்குப் போனேன். வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டதால் தண்ணீர் கேட்டேன். ஐயருக்குக் கோபம் அடங்கவில்லை.

"எங்காத்துக்கே வந்து எந்தப் பாத்திரம்னு கேட்டுட்டானே! நாமெல்லாம் மனுஷாளாத் தெரியலையா அவனுக்கு?" என்றார். கண்கூடக் கலங்கிவிட்டது.

சொல்லிக்கொண்டே, சொம்பை ஒரு முழம் மேலே தூக்கி, குவித்த என் கையில் படாமல் தண்ணீரை ஊற்றினார். குடித்தேன்.

"ரொம்ப அநியாயம் சாமி," என்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."