பிள்ளையாரிடம் பூக்கட்டிக் கேட்ட கொழும்புப் பயணம்

போன வைகாசியில் நான்கு நாள் எனக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. உடம்புக்கு ஒரு வருத்தமும் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து கொண்டுவந்த ஒரு துண்டுக் கடிதம்தான் காரணம். அதில் இருந்து பிள்ளையார் எங்களை எப்படிக் கரை சேர்த்தார் என்று அடியவர்களுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. எனக்கு வெங்காயம் நடத் தெரியும், எழுதத் தெரியாது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் சாம்பவி பத்தாம் வகுப்பு. கொழும்புக்கு மூன்று நாள் கல்விச் சுற்றுலா, விரும்பிய பிள்ளைகள் பதினெட்டாயிரம் ரூபா கட்டவேண்டும் என்று அந்தக் கடிதத்தில் இருந்தது. மாசியில்தான் அநுராதபுரம் போய் வந்தாள். அது எல்லா வகுப்புக்கும் வழமையாக உள்ளது. இது மேலதிகம். கோள்மண்டலம், நூதனசாலை, துறைமுகம், பல்கலைக்கழக ஆய்வுகூடம் எல்லாம் காட்டுவார்களாம். சாம்பவிக்கு நட்சத்திரம், கிரகம் என்றால் பைத்தியம். கணக்குக் கொப்பியின் பின்பக்கம் முழுக்க அதையே கீறி வைத்திருப்பாள்.

நாங்கள் பண்டத்தரிப்புப் பக்கம் தோட்டம் செய்கிறவர்கள். மார்கழி மழையில் வெங்காயம் நிலத்துக்குள்ளேயே அழுகிப் போனது. பிறகு கத்தரியும் பயிற்றங்காயும் விற்று, விதை வெங்காயம் வாங்கவென்று கொஞ்சக் காசைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அதில் கை வைத்தால் ஒரு பரப்பு நிலம் சும்மா கிடக்கும்.

"இஞ்சாரும், அநுராதபுரம் போட்டு வந்தவள்தானே. திரும்பவும் ஊர் சுத்தவோ?" என்றார் என் கணவர்.

"உது ஊர் சுத்துறதில்லை, படிப்பு! அவள் தோட்டத்திலை புல்லுப் பிடுங்கினால் மட்டும் உங்களுக்குக் காணும்!" என்று பாய்ந்தேன்.

மனுசன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். ஏன்தான் அப்படிச் சொன்னேனோ என்று எனக்கே ஒருமாதிரிப் போய்விட்டது. சாம்பவியோ வாயே திறக்கவில்லை. கேட்டால், "உங்கடை விருப்பம் அம்மா" என்பாள். எனக்கு அதுதான் பெரிய எரிச்சல். அடம் பிடித்தாலாவது நாலு பேச்சுப் பேசிவிட்டு ஆறலாம்.

கடைசியில் பொறுப்பைப் பிள்ளையார் தலையில் போட்டேன். கலியாணம் பேசுவதென்றாலும் கிணறு வெட்டுவதென்றாலும் எங்கள் ஊரில் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் மற்றதில் சிவப்புப் பூவும் வைத்துக் கட்டிக் கொடுத்தால், ஐயர் சுவாமி பாதத்தில் வைத்து ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் விட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை மோதகம் அவிக்கிற அவதியில் நின்றபடி, "பிள்ளை, குளிச்சிட்டாய்தானே? நந்தியாவட்டை ஒண்டும் செவ்வரத்தை ஒண்டும் ஆய்ஞ்சு, வாழையிலையிலை தனித்தனியாக் கட்டித் தா" என்றேன். எதற்கென்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பனே, வெள்ளையைத் தா, வெள்ளையைத் தா" என்று மன்றாடினேன். ஐயர் தந்த பொட்டலத்தை அவிழ்த்தேன். சிவப்பு. வீட்டுக்கு வந்து, "பிள்ளையார் வேண்டாமெண்டிட்டார்" என்றேன். சாம்பவி சிரித்துக்கொண்டு, "அதுக்கென்ன அம்மா, விடுங்கோ" என்று எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

எடுக்காத மற்றப் பொட்டலம் அர்ச்சனைத் தட்டத்தில் கிடந்தது. பின்னேரம் தட்டத்தைக் கழுவ எடுத்தபோது நூல் கழன்று இலை விரிந்தது. அதற்குள்ளும் செவ்வரத்தை!

"அடியே, இஞ்சை வா!" என்று நான் போட்ட சத்தத்தில் கணவரும் கிணற்றடியில் இருந்து ஓடி வந்தார். "சுவாமி காரியத்திலை என்ன விளையாட்டு? மாறி வைச்சிட்டியோ?"

அவள் தலையைக் குனிந்தாள். "மாறி வைக்கேல்லை அம்மா. தெரிஞ்சுதான் ரெண்டிலையும் சிவப்பை வைச்சனான். வெள்ளை வந்தால் நீங்கள் எப்பிடியும் அனுப்புவீங்கள். பிறகு விதைக்கு அப்பா என்ன செய்வார்?"

அடிக்க ஓங்கிய கையாலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். கணவர் கதவைப் பிடித்தபடி நின்றார். "நானொரு மடையன். போக விருப்பமோ எண்டு உன்னை ஒருநாளும் கேக்கேல்லை. விருப்பமோ பிள்ளை?"

"ஓம் அப்பா" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளும் அழுதாள்.

அடுத்த நாள் விடிந்ததும் மன்னிப்புக் கேட்கக் கோயிலுக்கு ஓடினேன். இந்த முறை பூக்கட்டவில்லை. "அப்பனே, பிள்ளையின் பிழையைப் பொறு. அவள் போகவேண்டும். நிலமும் சும்மா கிடக்கக் கூடாது. எனக்கு வழி தெரியவில்லை, நீ காட்டு" என்று நேரே கேட்டேன். அழுகை அடங்கவேயில்லை.

தேங்காய் உடைக்க வந்த பவளம் மச்சாள் என்னைக் கண்டுவிட்டார். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர். வீட்டுக் கதையை வேலிக்கு வெளியே விடாத ஆள் நான். கஷ்டம் தெரிந்தால் மரியாதை போய்விடும் என்ற எண்ணம். அன்றைக்கு அழுகையோடு எல்லாம் கொட்டுண்டு போனது.

மச்சாள் வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்தார். "ஐயோ, பிள்ளையாரையே பேய்க்காட்டின பெட்டை! உவளைக் கொழும்புக்கில்லை, சந்திரனுக்கே அனுப்பலாம்!" பிறகு என் கையைப் பிடித்தார். "எங்கடை கொட்டிலிலை ஒரு அந்தர் விதை வெங்காயம் மிச்சமாத் தூங்குது. கொண்டுபோய் நடுங்கோ. கிண்டின பிறகு அதே அளவு விதையாத் தாங்கோ. உதை முதலே கேட்டிருக்கலாமே?"

ஒரு அந்தர் என்றால் ஐம்பது கிலோ. ஒரு பரப்புக்கு எங்களுக்கு வேண்டியது சரியாக அவ்வளவுதான். அப்படியே மூலஸ்தானத்தைப் பார்த்துத் தலைக்கு மேல் கை குவித்தேன். என் அப்பன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

திங்கட்கிழமை காசு கட்டினோம். சாம்பவி போனாள். திரும்பி வந்து இறங்கியவள் இரண்டு நாள் வாய் மூடவில்லை.

"அப்பா, கோள்மண்டலத்திலை சனியைக் காட்டினவை. வளையத்தோடை சரியான வடிவு!"

"ஏழரை வருசமா என்ரை தலையிலை குந்தியிருக்கிறவர் உனக்கு வடிவோ?" என்றார் இவர். மூன்று பேரும் சிரித்ததில் அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊற்றியது. அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு எவ்வளவு காலம்!

ஆவணியில் வெங்காயம் கிண்டினோம். நல்ல விளைச்சல். மச்சாளின் விதையை இரண்டு பிடி கூட்டியே கொடுத்தோம்.

அடியவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு முடிச்சு விழுந்திருக்கலாம். ஐங்கரனை நம்புங்கள். சுற்றி வளைக்காமல் மனதில் உள்ளதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். அதோடு, வீட்டில் இருக்கிற பிள்ளையிடமும் வாய் திறந்து கேளுங்கள்.

போன கிழமை சாம்பவி தானாக வந்து, "அம்மா, எனக்கொரு தொலைநோக்கி வேணும்" என்றாள். இப்போதைக்கு வழியில்லை என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பதினைந்து வயதில் முதல் தடவையாக என் பிள்ளை என்னிடம் அடம் பிடித்தாள். நான் குசினிக்குள் போய் நின்று, பிள்ளையாரே உமக்குக் கோடி நன்றி என்று ஆனந்தமாக அழுதேன்.