திரு இருதயப் படத்துக்குக் கீழே ஓர் எகிப்தியன்

பல்கலைக்கழகத்தில் படிக்கவேண்டிய கலை வரலாற்றைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துச் சோதனை எழுதலாம், தேறினால் பின்னாளில் ஒரு பாடம் மிச்சம் என்று சொன்னார்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. மொன்றியலில் எங்கள் பள்ளியில் பகல் முழுக்கப் பிரெஞ்சு. மணியடித்து மற்றப் பிள்ளைகள் மெட்ரோவுக்கு ஓடிய பிறகு, நாங்கள் சிலர் மட்டும் திரைச்சீலை இழுத்த வகுப்பறையில் இருந்து, உலகத்துச் சிலைகளையும் ஓவியங்களையும் ஆங்கிலத்தில் படித்தோம். அப்பா சொந்தக்காரரிடம் “சரித்திரம் படிக்கிறாள்” என்று பாதியை விழுங்கிவிட்டுச் சொல்வார். அம்மாவுக்கு அந்த மறைப்பெல்லாம் வராது. “படம் பாக்கிறதுக்கும் ஒரு சோதினையோ?” என்று முகத்துக்கு நேரே கேட்டார்.

கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூட. திரையில் ஒரு படம் விழுந்ததும் எந்த நாடு, எந்தக் காலம், எதனால் செய்தது, எதற்காகச் செய்தது என்று எழுதவேண்டும். அதற்காகப் படங்களைக் கலரில் பிரதி எடுத்து, அட்டையில் ஒட்டி, லாசால் பகுதியில் எங்கள் சின்ன வீட்டின் தரை முழுக்கப் பரப்பி வைத்திருப்பேன்.

அங்கேதான் வினை. வேதக்கார வீட்டில் மாதா படத்தைத் தரையில் போடலாமா? ஐரோப்பிய ஓவியத்தில் பாதி, மாதாவும் குழந்தையும்தான். நான் என்ன செய்ய? ஒரு நாள் ஃபாக்டரி வேலை முடிந்து வந்த அம்மா, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கத்தினார். “அடி அறுவாளே, மாதாவைக் காலுக்குள்ள போட்டு மிதிக்கிறியே!” குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றினார். அப்படிப் பொறுக்கிக்கொண்டு வந்தவர் ஓர் அட்டையில் நின்றுவிட்டார்.

சுருள் முடி, அரும்பு மீசை, முகத்துக்குக் கொஞ்சம் பெரிதான கண்கள். ரோமர் ஆண்ட காலத்து எகிப்தில், பலகையில், மெழுகோடு நிறம் குழைத்துத் தீட்டிய ஓர் இளைஞனின் முகம்.

“இதார்?”

“எகிப்துக்காரப் பெடியன், அம்மா.”

“உயிரோட இருக்கேக்க கீறினதோ?”

“அப்பிடியும் சொல்லுகினம்.”

அது பொய்யில்லை. அந்த ஊரில் சிலர் உயிரோடு இருக்கும்போதே தங்கள் முகத்தைத் தீட்டி வைத்துக்கொண்டார்கள் என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருந்தார். மிச்சத்தை நான் சொல்லத் தொடங்குவதற்குள் அம்மா படத்தோடு எழும்பிப் போய்விட்டார்.

திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு தட்டு உண்டு. ஒரு பக்கம் இறந்துபோனவர்களின் படங்கள், காகிதப்பூ மாலையோடு. மறுபக்கம் உயிரோடு இருப்பவர்கள், மாலை இல்லாமல். அம்மா எகிப்தியனை உயிரோடு இருப்பவர்கள் பக்கம் வைத்தார். “அச்சொட்டாய் அவன்தான்” என்றார்.

அவன் என்றால் என் அண்ணை. எனக்கு ஓர் அண்ணை இருந்தார். இருந்தார் என்று எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஊரில் பஸ்ஸில் போனவரைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் இறக்கினார்கள். பஸ் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டுப் படங்களெல்லாம் தொலைந்தன. மிஞ்சிய ஒன்றையும், அவரைத் தேடித் தருகிறோம் என்று வந்தவர்களிடம் அம்மா நம்பிக் கொடுத்தார். அதுவும் போயிற்று. ஒவ்வொரு வருடமும் ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கோயிலில் இறந்தவர்களின் பேர் கேட்பார்கள். அம்மா அண்ணையின் பேரைக் கொடுத்ததே இல்லை. அவருக்காக அம்மா ஒப்புக்கொடுப்பது எப்போதும் சுகத்துக்கான பூசைதான். எங்கள் வீட்டில் அவர் சாகவில்லை, அவ்வளவுதான்.

டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்த அப்பா வந்து படத்தைக் கண்டதும், தொப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு விசாரித்தார். மிச்சத்தை அவரிடம் சொன்னேன். இறந்தவனை மம்மியாகத் துணி சுற்றிக் கட்டும்போது, முகத்துக்கு நேரே செருகி வைக்கிற படம் அது. அப்பா என் வாயைப் பொத்தாத குறை.

“கொம்மாட்டச் சொல்லிப்போடாதை, பிள்ளை. அந்த நம்பிக்கையிலதான் அவள் எழும்பி நடக்கிறாள். செத்தவன்ர படம் எண்டு தெரிஞ்சால் விழுந்திடுவாள்.”

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஓர் ஆள் கூடிவிட்டது. வேலைக்கு வெளிக்கிடும்போது “தம்பி, போட்டு வாறன்” என்பார் அம்மா. வந்ததும் ஃபாக்டரிக் கதையெல்லாம் அவனுக்குத்தான் முதலில். அண்ணையின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி, ஒரு துண்டை அவன் வாயருகே கொண்டுபோனார். அந்தக் காகித உதட்டில் கிறீம் ஒட்டிக்கொண்டது. தட்டின் சிவப்பு பல்ப் வெளிச்சத்தில், நான் எந்த மூலையில் இருந்து படித்தாலும் அவன் என்னையே பார்த்தான். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன்.

“ஆரடி அவனைத் திருப்பினது? பிள்ளைக்கு மூச்சு முட்டாதே?” என்று அம்மா கேட்டார்.

இதைவிடப் பயங்கரம் எனக்குள்ளே நடந்தது. அண்ணை என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக் கூட்டிப்போனது நல்ல ஞாபகம். அந்த ஞாபகத்தில் அண்ணாந்து பார்த்தால், சைக்கிள் ஓட்டுவது எகிப்தியன். அண்ணையின் சொந்த முகத்தை அவன் தின்றுவிட்டான். இன்றைக்கும் அதே நிலைதான். அண்ணையை நினைத்து அழ இருந்தால், முன்பின் தெரியாத ஒருவனின் கண்களைப் பார்த்துக்கொண்டு அழுகிறேன்.

மே மாதத்தில் சோதனை வந்தது. இருட்டறையில் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. நன்றாகத்தான் எழுதிக்கொண்டு போனேன். அடுத்த படம் விழுந்தபோது பேனையை வைத்துவிட்டேன். ஐயோ, எங்கள் வீட்டுத் தட்டில் இருந்தவன், சுவர் அளவுக்கு வளர்ந்து என் முன்னால் நின்றான். இது எதற்காகச் செய்யப்பட்டது, அந்தத் தேவை இதன் தோற்றத்தை எப்படித் தீர்மானித்தது என்று கேள்வி. படம் மாறுவதற்குள் எழுதவேண்டும். இவன் இறந்துவிட்டான் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் ஒருவரும் எந்த மொழியிலும் சொல்லாத வசனம் அது. எழுதி முடித்தபோது தாள் நனைந்திருந்தது.

அன்று அம்மாவுக்கு வேலை இல்லை. நான் வாசலில் கால் வைத்ததும் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“சோதினை என்ன மாதிரி? இவன் வந்தவனோ?”

“வந்தவன், அம்மா.”

அம்மாவுக்கு வாய் காதுவரை போயிற்று. “என்ன கேட்டவை? என்ன எழுதினாய்?”

அப்பா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் ஒரு தரம் எழுதிவிட்ட பிறகு அதை விழுங்க எனக்கு ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். துணிச்சுற்று, முகத்துக்கு நேரே செருகுவது, புதைப்பது எல்லாம். அம்மா அகப்பையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். விழுந்தால் பிடிக்கவேண்டும் என்று கிட்டப் போனேன். அவர் விழவில்லை. தட்டுக்குக் கிட்டப் போய் அந்த முகத்தைப் பார்த்தார்.

“அப்ப, இதுக்குக் கீழ உடம்பு இருந்ததோ?”

“ஓம், அம்மா. உடம்போட சேர்த்துத்தான் கட்டுறவை.”

“அந்தத் தாய்க்குப் பிள்ளையின்ர உடம்பு கிடைச்சிருக்கு” என்றார் அம்மா. “குடுத்து வைச்சவள்.”